ஸ்பிரிங்ஸ்டீனின் பிராட்வே ஆல்பத்தில் பாட்டைவிடப் பேச்சுதான் அதிகமாமே, கேட்கலாமா?

கேட்கலாம். அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூயார்க்கின் நாடக அரங்க வட்டாரமான பிராட்வேயில் பேச்சும் பாட்டுமாக நடத்திய நிகழ்ச்சியின் பதிவு அது. ஆனால் முதலில் போனில் ஷஃபிளை, அதாவது பாட்டுகளை வரிசை மாற்றிப் போடும் வசதியை, அணைத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், நான் அங்கேதான் சொதப்பினேன். இந்த ஆல்பத்தில் பேச்சு ஒரு டிராக், அதற்கான பாட்டு அடுத்த டிராக் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஹெட்போனில் போட்டேன். சின்ன வயதில் அம்மா சொல்லி அப்பாவைக் கூப்பிட பாருக்குள் போன கதையை மனுஷன் சொல்லி முடிக்கிறார், தொண்டை அடைக்கிறது, அடுத்த நொடி சம்பந்தமே இல்லாத ஒரு பாட்டு வந்து விழுகிறது. நீங்கள் சொல்வது போலத்தான் நானும் நினைத்தேன், என்னடா இது, இவ்வளவு பேச்சா என்று. ஒரு வாரம் கழித்து வரிசையாகக் கேட்டபோதுதான் பேச்சையும் பாட்டையும் பிரிக்கவே முடியாது என்று தெரிந்தது.

2017 அக்டோபரில் நியூயார்க்கின் வால்டர் கெர் தியேட்டரில் எட்டு வாரத்துக்கு என்று இந்த நிகழ்ச்சியை ஆரம்பித்தார் ஸ்பிரிங்ஸ்டீன். நீட்டித்து நீட்டித்து 2018 டிசம்பரில் 236 காட்சிகளோடு முடித்தார். பெரிய மைதானங்களில் பாடிப் பழகியவர், ஆயிரம் இருக்கைகூட இல்லாத அரங்கில், இசைக்குழு இல்லாமல், கிட்டார், பியானோ, ஹார்மோனிகாவோடு தனியாக நிற்கிறார். இரண்டு பாட்டுக்கு மட்டும் மனைவி வந்து சேர்ந்துகொள்வார். ஆல்பத்துக்கான பதிவு 2018 ஜூலை 17, 18 தேதிகளில் நடந்தது, அப்போது அவருக்கு 68 வயது.

தினமும் ஏறக்குறைய அதே பாட்டு, அதே ஜோக் என்றால் அதில் 'லைவ்' எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரே இடத்தில் பல ராத்திரி பாடிப் பதிவு செய்பவர்கள் வழக்கமாக நல்லதைப் பொறுக்கி எடுப்பார்கள். கனடாப் பாடகர் நீல் யங் 1970 நவம்பர் 30 முதல் டிசம்பர் 2 வரை வாஷிங்டனில் செல்லார் டோர் என்ற சின்ன கிளப்பில் ஆறு காட்சிகள் பாடினார், அதிலிருந்து 13 பாட்டை எடுத்து 2013இல் ஆல்பமாக வெளியிட்டார்கள். அருமையான ஆல்பம், ஆனால் அது இருபத்தைந்து வயதுப் பையன் புதுப் பாட்டைப் பாடிப் பார்க்கும் சத்தம். பிராட்வேயில் நடப்பது வேறு. எழுதி வைத்ததையே ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அந்த வார்த்தைகளுக்கு என்ன ஆகிறது என்பதுதான் இங்கே விஷயம். ஆரம்பத்திலேயே ஒரு ஜோக் வரும்: வாரத்துக்கு ஐந்து நாள் வேலை பார்த்ததே இல்லை, இப்போதுதான் பார்க்கிறேன், பிடிக்கவே இல்லை என்பார். முதல் வாரத்தில் அது வெறும் ஜோக்காக இருந்திருக்கும். ஒன்பது மாதம் கழித்துப் பதிவான இந்தக் குரலில் கொஞ்சம் நிஜமும் கலந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அப்புறம், எல்லாமே மாறாமல் இருந்தது என்றும் சொல்ல முடியாது. ஆரம்ப மாதங்களில் நிகழ்ச்சியில் 'லாங் வாக் ஹோம்' என்ற பாட்டு இருந்தது. 2018 ஜூனில் அமெரிக்க எல்லையில் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த விவகாரம் வெடித்தபோது அந்தப் பாட்டை எடுத்துவிட்டு, அந்த விவகாரத்தைப் பற்றிப் பேசி, வீடிழந்து அலைபவர்களைப் பற்றிய 'தி கோஸ்ட் ஆஃப் டாம் ஜோட்' பாட ஆரம்பித்தார். அடுத்த மாதமே பதிவு. அதனால்தான் அந்தப் பாட்டு ஆல்பத்தில் இருக்கிறது. முந்தின வருஷமே மைக் வைத்திருந்தால் வேறொரு ஆல்பம்தான் கிடைத்திருக்கும்.

ஒரே ஒரு பாட்டைத்தான் கேட்பேன் என்றால் 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' கேளுங்கள், பேச்சோடு சேர்த்து. 1984இல் வந்தபோது தேசபக்திப் பாட்டு என்று பலர் கொடி பிடித்து ஆடிய அதே பாட்டுதான். இங்கே சிந்தசைசர் இல்லை, டிரம்ஸ் இல்லை. தன் முதல் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்த பையன் வியட்நாம் போரில் செத்துப்போனதையும், தான் போகாமல் தப்பித்ததையும் சொல்கிறார், தனக்குப் பதிலாக யார் போனார்களோ என்று சில சமயம் யோசிப்பதாகவும் சொல்கிறார். பிறகு பன்னிரண்டு கம்பி கிட்டாரில் ஸ்லைடை (கம்பிமேல் வழுக்கி வாசிக்கும் சின்னக் குழாய்) இழுத்து, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸாகவே பாடுகிறார். கடைசியில் கிட்டாரும் நின்று குரல் மட்டும் மிஞ்சுகிறது. அதற்கு அடுத்த பாட்டில் பியானோவை நடுவில் நிறுத்திவிட்டு, தன் இசைக்குழுவில் இருந்து 2011இல் இறந்த சாக்ஸபோன்காரர் கிளாரன்ஸ் கிளெமன்ஸைப் பற்றிப் பேசுவார். அதை நான் விவரிக்கப் போவதில்லை, நீங்களே கேளுங்கள்.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. பின்பாதியில் பேச்சு பிரசங்கம் மாதிரி ஆகிவிடுகிறது, முடிவுக்கு முன்னால் வரும் ஜெபம் எனக்குக் கொஞ்சம் அதிகப்படிதான். மொத்தம் இரண்டரை மணி நேரம் என்பதால் ஒரே மூச்சில் கேட்க வேண்டும் என்றில்லை, கிளாரன்ஸ் பாட்டோடு நிறுத்திவிட்டு மீதியை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். நெட்ஃபிளிக்ஸில் படமாகவும் வந்தது, ஆனால் முதலில் காதால் கேளுங்கள். முகத்தைப் பார்த்துவிட்டால் குரலில் எங்கே தடுமாறுகிறார் என்பது சரியாகக் கேட்பதில்லை, எனக்கு அப்படித்தான்.