குப்பைக்கு ஒரு மியூசியமா?

கேள்வி: வெளிநாட்டுல குப்பைக்குன்னே மியூசியம் வெச்சிருந்தாங்கன்னு எம்பையன் டீச்சர் சொன்னாங்களாம், நெஜமா? எங்க மொட்டமாடில நின்னா கொடுங்கையூர் குப்பை மேடு தெரியும். இதைப் பார்த்து வளர்ற புள்ளைக்கு அதுல கத்துக்க என்ன இருக்கு?
– ஒரு அம்மா, எழில் நகர்

பதில்: நெஜம்தாம்மா. அமெரிக்காவுல கனெக்டிகட்ல ஸ்ட்ராட்ஃபோர்டுங்கிற ஊர்ல இருந்துச்சு. ஒரு டன் குப்பையிலயே பெரிய டைனோசர் செஞ்சு நிக்க வெச்சிருந்தாங்க, பக்கத்துலயே குப்பை பிரிக்கிற ஆலை, பசங்க மேலேருந்து கண்ணாடி வழியா பாட்டில், டப்பா, பேப்பர் எல்லாம் பிரிஞ்சு போறத நேர்ல பாப்பாங்க. 2011ல பணம் இல்லாம மூடிட்டாங்க, நல்ல விஷயம் போச்சேன்னு எனக்கு இன்னிக்கும் வருத்தம்தான்.

உங்க புள்ளைக்கு குப்பை எவ்ளோன்னு யாரும் காட்ட வேணாம், அந்த நூத்துக்கணக்கான ஏக்கர் மேடே சொல்லிடும். ஆனா மேட்டுல எல்லாம் ஒண்ணாக் கலந்து கெடக்கு, எது எங்க போயிருக்கணும்னு அதைப் பார்த்தா புரியாது, அதைத்தான் மியூசியம் சொல்லிக்குடுக்கும். அதுக்கு நம்மகிட்ட காயலான் கடை இருக்கே! கூட்டம் இல்லாத நேரமா பாத்து கூட்டிட்டுப் போங்க. வாட்டர் பாட்டில் அடியில முக்கோணத்துக்குள்ள 1னு இருக்கும், அது பெட் (PET)ங்கிற பிளாஸ்டிக், ஷாம்பு பாட்டில்ல பெரும்பாலும் 2, பக்கெட்டு மாதிரி சாமான்ல 5, ஒவ்வொரு நம்பரும் ஒரு பிளாஸ்டிக் வகை. ஒண்ணோட ஒண்ணு சேத்து உருக்கினா சரக்கு கெட்டுடும், அதனாலதான் கடைக்காரர் தனித்தனி மூட்டையா கட்டி வெக்கிறாரு. அலுமினியத்தை பழசுலேருந்து உருக்கி எடுத்தா, தாதுலேருந்து புதுசா எடுக்கிறதுக்கு ஆகுற எரிசக்தியில சுமார் 95 சதவீதம் மிச்சம், அதான் அதுக்கு அவ்ளோ வெலை. இத்தனையும் எந்தப் பாடமும் படிக்காம கைப்பழக்கத்துலயே தெரிஞ்சவங்க அவங்க, குப்பை பொறுக்குறவங்களும் அப்படித்தான். பையனை அவங்களுக்கு வணக்கம் சொல்லச் சொல்லுங்க, நான் மனசாரத்தான் சொல்றேன்.

கேள்வி: சிப்ஸ் கவரை மட்டும் காயலான் கடையில எடுக்க மாட்றாங்களே, ஏன்?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: பாக்க ஒரே தாள் மாதிரி இருந்தாலும் பிளாஸ்டிக் மேல பிளாஸ்டிக், நடுவுல மெலிசா அலுமினியம்னு ஒட்டி வெச்சிருக்கும் தம்பி, பிரிக்கிற செலவுக்கு தேறாது. சாம்பார் பாக்கெட்டும் கழுவாம போட்டா யாரும் எடுக்க மாட்டாங்க.

கேள்வி: குப்பை மேட்டுல யாரும் கொளுத்தாமலே பொகையுதே, எப்படி?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: நாம தூக்கிப்போடுற சோறு, காய்கறித் தோல்தான் காரணம். கீழ அமுங்கி காத்து இல்லாம அழுகினா மீத்தேன் வாயு வரும், உள்ள சூடும் ஏறும், அது பத்திக்கிட்டா மேல தண்ணி அடிச்சாலும் உள்ளுக்குள்ள கனிஞ்சுட்டே கெடக்கும். இப்ப பயோமைனிங்னு பழைய குப்பையத் தோண்டி சலிச்சு மண்ணு வேற, பிளாஸ்டிக் வேற, கல்லு வேறன்னு பிரிக்கிறாங்க. இந்தப் பக்கம் அதைப் பிரிக்கப் பிரிக்க அந்தப் பக்கம் நாம ஈரக் குப்பையும் பிளாஸ்டிக்கும் ஒரே கவர்ல முடிஞ்சு குடுத்தா எப்படிங்க? பச்சை டப்பாவுல சமையல்கட்டு கழிவு, நீல டப்பாவுல காஞ்சது, இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிங்க.