மாதச் சந்தா கட்டாமல் தமிழில் ஒரு சித்திரக்கதை உருவாக்க முடியுமா? கிரிட்டா என்னும் ஓவிய மென்பொருள் ஒன்றே போதுமா, ஜிம்ப்பும் வேண்டுமா?

காகிதத்தில் வரைந்து பழகியவர் நீங்கள். இருபத்து நான்கு பக்கக் கதையைக் கணினியில் வரைந்து அச்சிடவும் இணையத்தில் வெளியிடவும் விரும்புகிறீர்கள். வரைவதற்குக் கிரிட்டா தாராளமாகப் போதும். ஆனால் பேச்சுக் குமிழிகளையும் எழுத்தையும் இன்க்ஸ்கேப் என்னும் கோட்டோவிய மென்பொருளில் தனியாகச் செய்யுங்கள் என்பதுதான் என் பதில். இரண்டுமே இலவசம், இரண்டுமே யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள்கள். கிரிட்டாவைச் சில இணையக் கடைகளில் விலைக்கு விற்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்தப் பணம் அதை உருவாக்குவோருக்கு ஆதரவாகப் போகிறது, நிரல் என்னவோ அதேதான்.

கிரிட்டா தொடக்கத்திலிருந்தே ஓவியருக்காகச் செய்யப்பட்டதன்று. 1999-இல் கேடிஇ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்குள் ஒரு படத்தொகுப்பு மென்பொருளாகத்தான் அது பிறந்தது. ஓவியத்துக்கே உரியதாகப் பிறகுதான் மாறியது. அந்த மாற்றத்தின் பயனை வரையும்போது கை உணரும். வலது பொத்தானை அழுத்தினால் தூரிகைகளும் வண்ணச் சக்கரமும் பேனா முனையருகிலேயே வட்டமாக விரியும். விசைப்பலகையில் எம் (M) விசையை அழுத்தினால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திரும்பும். ஒரு மணி நேரமாகச் சரியென்று நினைத்து வரைந்த முகத்தின் ஒரு கண் கீழே இறங்கியிருப்பது அப்போதுதான் தெரியவரும். காகிதத்திலிருந்து வருபவர்களுக்குத் தொடக்கத்தில் கோடு நடுங்கும். தூரிகைக் கருவியின் அமைப்பில் இருக்கும் நிலைப்படுத்தியை இயக்கிக்கொண்டால் நீண்ட வளைவுகள் ஒரே இழுப்பில் வரும்.

சித்திரக்கதைக்காரர்களுக்கு அதில் கிடைத்த பெரிய வரம் வண்ணமிடும் முகமூடி என்பேன். படத்தின் பகுதிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள்போல் பிரித்துவைப்பவை அடுக்குகள். மைக்கோடுகள் உள்ள அடுக்கின்மேல் அதைச் சேர்த்து, முகத்தில் தோல் நிறத்தில் ஓர் இழுப்பு, சட்டையில் நீலத்தில் ஓர் இழுப்பு என்று கிறுக்கிவிட்டால், கோடுவரைக்கும் அந்தந்த நிறத்தை அதுவே பரப்பிவிடுகிறது. பின்னணியிலும் ஏதேனும் ஒரு நிறத்தில் கிறுக்கி, அந்த நிறத்தை வெறுமை என்று குறித்துவிட வேண்டும். மறந்தால் சட்டையின் நீலம் பக்கம் முழுவதும் வழிந்துவிடும். முதல் வாரத்தில் எனக்கு அப்படித்தான் வழிந்தது.

பக்கத்தை எந்த அளவில் திறப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். ஏ4 தாளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால் 2480 × 3508 படப்புள்ளிகள். அந்த அளவில், முழுவதும் வண்ணம் நிரம்பிய அடுக்கு ஒன்றே நினைவகத்தில் ஏறத்தாழ 35 மெகாபைட் பிடிக்கும் என்பதால், பழைய கணினியில் முப்பது, நாற்பது அடுக்குகளைச் சேர்த்துக்கொண்டே போனால் தூரிகை கைக்குப் பின்னால் இழுபடத் தொடங்கும்.

இனி எழுத்து. 2023-இல் வந்த 5.2 பதிப்பில் எழுத்தமைக்கும் பகுதியையே கிரிட்டாக் குழுவினர் புதிதாக எழுதினார்கள் என்றாலும், நான் இன்னும் குமிழிகளை அங்கே வைப்பதில்லை. பிரெஞ்சு ஓவியர் டேவிட் ரெவுவா 2014 முதல் வெளியிட்டுவரும் பெப்பர் அண்ட் கேரட் என்னும் இணையச் சித்திரக்கதை இதற்கு நல்ல முன்மாதிரி: ஓவியம் கிரிட்டாவில், எழுத்து மட்டும் இன்க்ஸ்கேப்பில் திறக்கும் தனிக் கோப்பில். ஓவியத்தைத் தொடாமலே எழுத்தை மாற்ற முடிவதால்தான் அந்தக் கதையை இத்தனை மொழிகளில் பெயர்க்க முடிந்திருக்கிறது. நமக்கு ஒரே மொழிதான் என்றாலும், பிழைதிருத்துபவர் பதினேழாம் பக்கத்தில் ஓர் ஒற்று விடுபட்டிருப்பதைக் காட்டும்போது இந்தப் பிரிவினையின் அருமை புரியும்.

தமிழுக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. ஆங்கிலக் கதையின் குமிழி அளவைப் பார்த்து வரைந்தால் நம் சொற்கள் அதற்குள் அடங்குவதில்லை. 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரே சொல் ஒரு முழு வரியைக் கேட்கும். 'போய்க்', 'கொண்டிருக்கிறார்கள்' என்று இரண்டாக உடைத்தாலும் இரண்டாவது பாதி நீளமாகவே இருக்கும். ஆகவே நான் வசனத்தை முதலில் தட்டச்சு செய்து, அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்த பிறகே கட்டத்தின் அமைப்பைத் தீர்மானிக்கிறேன். மேலே சுழியும் புள்ளியும் கீழே உகரக் கொக்கியும் இருப்பதால் வரி இடைவெளியையும் சற்றுத் தாராளமாக விட வேண்டும். எழுத்துருவுக்கு, சாதாரணப் பேச்சுக்கு முக்தா மலரும் கூச்சலுக்குத் தடித்த பலூ தம்பியும் எனக்கு ஒத்துவருகின்றன. இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை.

என் முதல் கதையை அச்சுக்குக் கொடுத்தபோது, அச்சகத்தார் கேட்டார்கள் என்பதற்காக, எழுத்து எழுத்தாகவே இருந்த மூலக்கோப்பைக் கொடுத்துவிட்டேன். அவர்களிடம் இருந்த பழைய வடிவமைப்பு மென்பொருளுக்கு யூனிகோடு தமிழைக் கோக்கத் தெரியவில்லை. 'கொடு' என்று கதாநாயகி அதட்டும் இடத்தில், கொம்பும் காலும் ககரத்தைவிட்டுப் பிரிந்து, புள்ளி வட்டங்களோடு தனித்தனியாக நின்றன. நல்லவேளையாக மாதிரிப் படியிலேயே கண்ணில் பட்டுவிட்டது. அன்று முதல் இன்க்ஸ்கேப்பில் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது எழுத்துகளைப் பாதைகளாக மாற்றும் தெரிவைக் குறித்துவிடுகிறேன். எழுத்துகள் வெறும் வடிவங்களாகிவிடுவதால் எந்தக் கணினியிலும் உடையாது. ஆனால் அதன்பின் அந்தப் பிரதியில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது என்பதால், மாற்றாத மூலக்கோப்பு உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும்.

ஜிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருள் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். காகிதத்தில் வரைந்ததை வருடியெடுத்துச் சுத்தம் செய்ய அது நல்லது, மற்றபடி கட்டாயமில்லை. வண்ணத்தைப் பொறுத்தவரை, திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் அச்சு மையில் மங்கிவிடும். கிரிட்டாவில் கன்ட்ரோல், ஒய் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அச்சில் எப்படி வரக்கூடும் என்று திரையிலேயே ஓரளவு காட்டும். இரவுக் காட்சிகளை முடிக்குமுன் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.