169.254 எனத் தொடங்கும் ஐபி முகவரியும் வராத இணையமும்

கேபிளில் இணைத்த கணினி 169.254 எனத் தொடங்கும் ஐபி முகவரியைக் காட்டுகிறது, இணையம் வரவில்லை என்று கேட்டு எழுதியுள்ளீர்கள். அந்த முகவரி, அதாவது வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் எண், ரவுட்டர் வழங்கியதன்று. சாதனங்களுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி முறை வழியாக முகவரி கேட்டும் பதில் வராததால் கணினி தானாகவே எடுத்துக்கொண்டது, ஆகவே அதைக்கொண்டு இணையத்தை அடைய இயலாது.

வீடு திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரையோரம் என்றும் எழுதியுள்ளீர்கள். உப்புக் காற்றில் கேபிளைச் செருகும் ஆர்ஜே45 முனையின் எட்டு உலோகத் தகடுகளிலும் பச்சைக் களிம்பு பிடித்துவிடுவதுண்டு. அப்போது கேபிள் செருகும் இடத்திலுள்ள சிறுவிளக்கு எரிந்தாலும் தரவு ஒழுங்காகப் போகாது. திருகோணமலையில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கைபேசியை அதே ரவுட்டரின் வைஃபையில் இணைத்து, அதன் முகவரியைப் பாருங்கள். அது 192.168 எனத் தொடங்கினால் டிஎச்சிபி இயங்குகிறது என்று பொருள். அப்போது கேபிளை மாற்றிப் பாருங்கள். கைபேசிக்கும் கிடைக்காவிட்டால் ரவுட்டரை அணைத்து மீண்டும் இயக்குங்கள்.

முகவரியை நீங்களே பதிய வேண்டாம். வேறொரு சாதனத்துக்கும் அதே எண் கிடைத்தால் இரண்டின் இணைப்பும் குழம்பும்.