பதில்: மாப்பிள்ளைச் சம்பா விற்பனைச் செய்திக்கு ஏன் பதில் வருவதில்லை?

வணக்கம். திருத்துறைப்பூண்டியில் விளைவித்த மாப்பிள்ளைச் சம்பா அரிசியை விற்க, வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் (பட்டியலில் உள்ள பலருக்கு ஒரே செய்தியைத் தனித்தனியாக அனுப்பும் வசதி) அனுப்பும் செய்திக்கு ஒருவர்கூடப் பதில் தருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஒன்றைச் சரிபாருங்கள்: உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும்; ஆகவே பலர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

'பாரம்பரியம், தரம், ஆரோக்கியம்' என்ற உங்கள் தொடக்கத்தை எந்த அரிசிக்கடைக்காரரும் எழுதிவிடலாம். வாங்குபவரின் தயக்கமோ, இந்தச் சிவப்பரிசி எளிதில் வேகாது, பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்பதுதான். அதற்கு விடையாக, "இரவே ஊறவைத்தால் காலையில் குக்கரில் குழைய வெந்துவிடும், இட்லி, தோசைக்கு ஊறப்போடும் அரிசியிலும் பாதிக்கு இதைச் சேர்க்கலாம். எங்கள் வயலில் விளைந்த நெல், சென்ற வாரம் அரவை செய்தது. வேண்டுவோர் எத்தனை கிலோ என்று மட்டும் பதில் அனுப்புங்கள்" என எழுதி, கிலோ விலையையும் அதிலேயே குறிப்பிடுங்கள். விலையை மறைத்துத் 'தனியாகக் கேளுங்கள்' என்பது, என் கருத்தில், வாங்க வந்தவரையும் வாசலோடு திருப்பி அனுப்பும் வழி.

'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்ற வரியைக் கட்டாயம் நீக்கிவிடுங்கள். உணவுப்பொருள் நோயைத் தீர்க்கும் என விளம்பரம் செய்வதை 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2018இல் வந்த விதிமுறைகள் தடைசெய்கின்றன.

காலை வணக்கப் படங்களை இதே பட்டியலுக்கு அனுப்புவதையும் நிறுத்துங்கள். அவற்றைத் தள்ளிவிட்டுப் பழகியவர் அரிசிச் செய்தியையும் அவ்வாறே தள்ளிவிடுவார்.