குழந்தைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லித்தருவது: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்காவுக்கு வந்த பிறகுதான் ஸ்பானிஷ் கற்றேன். இப்போது பதினோரு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தருகிறேன்.

அக்கா, நான் ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் விசா) இருக்கிறேன். வீட்டில் வகுப்பு எடுத்து ஃபீஸ் வாங்கலாமா?

வேலை அனுமதி அட்டை கைக்கு வராமல் ஒரு டாலர்கூட வாங்காதீர்கள். 2015 முதல் ஹெச்-4இல் ஒரு பிரிவினர் அதற்கு விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் துணைவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) அங்கீகாரம் ஆகியிருக்க வேண்டும். வக்கீலிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

டெலே என்ற ஸ்பானிஷ் தேர்வில் பி2 நிலை முடித்துவிட்டேன். அரசுப் பள்ளியில் எடுப்பார்களா?

அது மட்டும் போதாது. டெலே ஆயுளுக்கும் செல்லும் சான்றிதழ்தான், ஆனால் அது மொழித் திறனுக்கானது. ஆசிரியர் உரிமம் தருவது மாநிலம். நம் ஊர்ப் பட்டத்தை மதிப்பீடு செய்து வாங்கவேண்டும், தேர்வு எழுதவேண்டும், கைரேகை கொடுக்கவேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

ஸ்பானிஷ் நமக்குத் தாய்மொழி இல்லையே மேடம், பிள்ளைகளின் உச்சரிப்பு கெட்டுவிடாதா?

இந்தப் பயத்தை விடுங்கள். ‘எஸ்பாஞா’வில் (ஸ்பெயின்) வருவது நம் ஞ. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் த சொல்லும்போது நாக்கு நம்மைப் போலவே பல்லைத் தொடும். ‘மே குஸ்தா’ என்பது அப்படியே ‘எனக்குப் பிடிக்கும்’. ஆங்கிலம் வழியாக வரும் பிள்ளை அங்கே ‘நான்’ என்று தொடங்கித் தடுமாறும்; நமக்கு அந்த ‘எனக்கு’ வீட்டுப் பேச்சு. ‘தூ’, ‘உஸ்தெத்’ வேறுபாடும் நமக்கு நீ, நீங்கள்தான்.

உழைக்க வேண்டியது உருட்டும் ர-வுக்கு. ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெர்ரோ’ என்றால் நாய். என் முதல் வருடத்தில், மெக்சிகோக் குடும்பத்து ஏழு வயதுக் குழந்தை ஒருத்தி வாயை நன்றாகத் திறந்து, மேல்பல்லுக்குப் பின்னால் நாக்கு நுனி துடிப்பதை எனக்குக் காட்டினாள். அன்றிலிருந்து நானும் வகுப்பில் அப்படித்தான் காட்டுகிறேன்.

ஸ்பெயினில் பேசுவதுதானே சுத்தமான ஸ்பானிஷ்? அதைத்தானே சொல்லித்தர வேண்டும்?

இல்லை. யாழ்ப்பாணத்தார் பேசுவது தமிழில்லை என்போமா? லத்தீன் அமெரிக்கா முழுக்க ‘கிராசியாஸ்’ (நன்றி) என்பதன் நடுவில் வருவது ஸ்பெயினில் பலர் சொல்லும் ஆங்கில th போன்ற ஒலி அல்ல, ஸ ஒலிதான், ஸ்பெயினுக்குள்ளேயே கேனரித் தீவுகளிலும் அப்படித்தான்.

மெக்சிகோப் பேச்சைக் கொச்சை என்கிறார்களே?

யார் சொன்னாலும் தவறு. ஸ்பானிஷுக்கு 23 அகாதெமிகள் (மொழிக் கழகங்கள்), மெக்சிகோவுக்கும் ஒன்று. இலக்கணமும் அகராதியும் கூடித்தான் வெளியிடுகிறார்கள். உங்கள் வகுப்புக் குழந்தை பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேசப்போவது அந்தப் பேச்சில். அதைக் கொச்சை என்று சொல்லிக் கொடுத்தால் பாட்டியையே மட்டம்தட்டக் கற்றுக்கொடுத்ததாகும்.

அப்படியானால் ‘வோசோத்ரோஸ்’ (ஸ்பெயினில் நெருக்கமான பலரைப் பார்த்துச் சொல்லும் ‘நீங்கள்’) வேண்டாமா?

கேட்டால் புரியட்டும். பேச, பலருக்குமான பொது ‘நீங்கள்’ ஆன ‘உஸ்தேதெஸ்’ போதும்.

ஹெச்-4இல் ஆன்லைன் வகுப்பு என்றால் பரவாயில்லையா?

முதல் பதிலைப் படியுங்கள். ஆன்லைனும் வேலைதான்.

ரொக்கமாக வாங்கினால்?

வாங்காதீர்கள்.

முதல் வகுப்பில் என்ன செய்யட்டும் அக்கா?

வினைச்சொல் அட்டவணையைத் தொடாதீர்கள். ஒரு துணிப்பைக்குள் ஆரஞ்சு, சாவி, கரண்டி போடுங்கள். கையை விட்டுத் தடவியபடி ஒரு குழந்தை ‘கே எஸ்?’ (இது என்ன?) என்று கேட்கட்டும், மற்றவர்கள் ஊகிக்கட்டும். சாவி குலுங்கியதும் ‘யாவே!’ என்று நாலு பேர் கத்துவார்கள். அடுத்த வகுப்புக்கும் அதே பை, உள்ளே வேறு சாமான்.