லேசாக உடம்பு சரியில்லையா? ஆங்கிலத்தில் சொல்ல ஒரு கேள்வி பதில்

காரைக்குடி மாணவி: லீவ் லெட்டரில் 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்றுதான் எழுதுகிறோம். தப்பா டீச்சர்?

இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் ஒருநாள் காய்ச்சலுக்கு 'சஃபரிங்' ரொம்பப் பெரிய சொல். 'ஐ ஹேவ் அ ஃபீவர்' போதும். நடுவிலுள்ள 'அ'வை விட்டுவிடாதீர்கள். கடிதத்துக்கு இன்னும் நல்லது 'ஐ ஆம் அன்வெல் டுடே'. எத்தனை தடவை வாந்தி என்ற விவரம் படிப்பவருக்குத் தேவையில்லை, என்றைக்கு வருவீர்கள் என்பதுதான் தேவை: 'ஐ ஹோப் டு பி பேக் ஆன் தர்ஸ்டே.'

கானாடுகாத்தான், பழைய வீட்டை விடுதியாக நடத்துபவர்: லண்டன் விருந்தாளி 'ஐ வாஸ் சிக் இன் த நைட்' என்றார். காய்ச்சல் மாத்திரையை நீட்டினோம், விழித்தார்.

பிரிட்டிஷ்காரர் அப்படிச் சொன்னால் பெரும்பாலும் ராத்திரி வாந்தி எடுத்தார் என்று பொருள். அமெரிக்கர் 'ஐ ஆம் சிக்' என்றால் பொதுவாக உடம்பு சரியில்லை என்பதுதான். குமட்டல் மட்டும் என்றால் 'குவீஸி' என்பார்கள். நம்மூர் 'லூஸ் மோஷன்' அவர்களில் பலருக்குப் புரியாது; 'இஸ் யுவர் ஸ்டமக் அப்செட்?' என்று கேளுங்கள். அடுத்து, 'கேன் யூ கீப் வாட்டர் டவுன்?' அதாவது, குடித்த தண்ணீர் வயிற்றில் தங்குகிறதா? தங்கினால் அன்றைக்கு மிளகுக் கோழியை ஒதுக்கிவிட்டு, 'வுட் யூ லைக் சம் ப்ளெயின் ரைஸ்?' என்று மெதுவாகக் கேட்கலாம். தங்கவில்லை, அல்லது மலத்தில் ரத்தம் என்றால் நாசூக்கெல்லாம் வேண்டாம். 'ஐ வில் கால் அ டாக்டர்' என்று சொல்லி உடனே கூப்பிடுங்கள். டாக்டரிடமும் 'பிளட்' என்றே சொல்லுங்கள். பூசி மெழுகினால் வைத்தியம்தான் தாமதமாகும்.

தேவகோட்டை: சிங்கப்பூர் மகன் 'ஆன் எம்சி' என்கிறான். பயப்படணுமா?

வேண்டாம். மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கி விடுப்பில் இருக்கிறார், அவ்வளவுதான். சளிக்கும் அது உண்டு.

கோட்டையூர்: அப்பத்தாவுக்கு உடம்புச் சூடு. அமெரிக்காவிலிருக்கும் பேரனிடம் 'பாடி ஹீட்' என்றதும் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பதறுகிறான்.

இந்தச் சூட்டுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் கிடையாது. என்ன செய்கிறதோ அதைச் சொல்லுங்கள். கண் எரிச்சல் என்றால் 'ஹர் ஐஸ் ஆர் பர்னிங்'. வாய்ப்புண் என்றால் 'மவுத் அல்சர்ஸ்'. நீர்க்கடுப்பு என்றால் 'இட் பர்ன்ஸ் வென் ஷீ பாஸஸ் யூரின்'. கடைசியது நீடித்தால் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம்.

பள்ளத்தூர்: 'மை ஹெட் இஸ் பெய்னிங்' சரியா?

'மை ஹெட் ஹர்ட்ஸ்' என்பதே வழக்கு.

புதுவயல்: 'அண்டர் த வெதர்' எப்போது?

சளி, அசதி, லேசான காய்ச்சலுக்கு, பழகியவர்களிடம். டெங்குவுக்கு அதைச் சொன்னால் நாளைக்கே வேலைக்கு வருவீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.