பழைய மர இழைப்புளி: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

கேள்வி: தகட்டைக் கழற்ற முடியவில்லை. திருகாணி எங்கே இருக்கிறது?

மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இந்தப் பழைய கருவியில் தகட்டைப் பிடிக்கத் திருகாணி கிடையாது. தகட்டைப் பிடித்திருப்பது ஆப்பு மட்டுமே. கட்டையைக் கையில் தூக்கிப் பிடித்து, பின்முனையில் கொட்டாப்புளியால் தட்டுங்கள், ஆப்பு தளரும். நீண்ட இழைப்புளி என்றால் முன்பக்கத்தின் மேற்பரப்பில் தட்ட வேண்டும். இரும்புச் சுத்தியல் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: சீவல் இழைப்புளியின் வாயில், அதாவது அடிப்பரப்பில் தகட்டின் முனை நீட்டும் பிளவில், அடைத்துக்கொள்கிறது. வாயை அராவிப் பெரிதாக்கலாமா?

அரத்தைக் கீழே வையுங்கள். நானும் அவசரப்பட்டு ஒரு நல்ல இழைப்புளியின் வாயை அராவிக் கெடுத்தவன்தான். குற்றம் வாயில் இல்லை, வெட்டும் தகட்டின் மேல் பொருத்தும் மேல்தகட்டில் இருந்தது. அதன் நுனி கீழே உள்ள வெட்டும் தகட்டோடு ஒட்டி உட்கார வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் சீவல் அதற்குள் நுழைந்து, அடுத்தடுத்த சீவலையும் மறித்துவிடும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஒளி கசிந்தால் மேல்தகட்டின் நுனியைக் கல்லில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். அப்படியும் அடைத்தால் ஆப்பு கீழே பிரிந்து நிற்கும் இரண்டு கால்களையும் பாருங்கள். நுனி மொட்டையாக இருந்தால் சீவல் அங்கே முட்டி நிற்கும். கத்தியால் மெல்லிதாகச் சீவிவிட்டால் போதும்.

கேள்வி: எனக்கு நேர்மாறான சிக்கல். வாய் மிகவும் அகன்றிருக்கிறது.

அடிப்பரப்பைச் சமன்செய்யும் ஒவ்வொரு முறையும் வாய் கொஞ்சம் அகலத்தான் செய்யும். மேல்தகட்டைக் கூர்விளிம்புக்கு மிக அருகில் கொண்டுவந்தால் அகன்ற வாயிலும் மரம் பிய்யாது. மேல்தகடு இல்லாத ஒற்றைத் தகடு என்றால் மட்டும் வாயருகே அடியில் சிறு மரத்துண்டு பதிக்கலாம்.

கேள்வி: முன்முகத்தில் மூன்று பெயர்கள் குத்தியிருக்கின்றன. எது செய்தவர் பெயர்?

பெரும்பாலும் நடுவில், ஒழுங்கான அச்சில் இருப்பது. மற்றவை அதை வைத்து வேலை செய்தவர்களின் பெயர்கள். கை மாறும்போது புதிய உரிமையாளர் தன் பெயரையும் குத்திவிடுவார். செய்தவர் பெயருக்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் ரென்தம் ஊரில், இழைப்புளி செய்யும் பிரான்சிஸ் நிக்கல்சனிடம் அடிமையாக இருந்தவர் சீசர் செலர். 1753இல் நிக்கல்சன் இறந்தபோது உயில் வழியாக விடுதலை பெற்றார். பிறகு தன் பெயரையும் ஊரையும் பொறித்தே இழைப்புளிகள் விற்றார். அந்த முத்திரைக்குச் சேகரிப்பாளர்கள் இன்றும் அலைகிறார்கள்.

கேள்வி: தகடு முழுக்கத் துரு. மாற்றிவிடலாமா?

அவசரம் வேண்டாம். பழைய தகட்டில் பெரும்பகுதி மெல்லிரும்புதான். வெட்டும் முனையில், தட்டையான பக்கத்தில் எஃகுப் பட்டை உலையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்த எஃகில் ஆழக்குழி விழாதவரை கவலையில்லை. மேலும் அந்தத் தகடு கூர்முனைப் பக்கம் தடித்து, மேலே போகப் போக மெலியும். வேலையின்போது பின்னுக்குத் தள்ளப்பட்டால் ஆப்பில் இன்னும் இறுகும். ஒரே தடிமனுள்ள புதுத் தகடு அப்படி நிற்காது.

கேள்வி: ஆளிவிதை எண்ணெயில் ஊறவைக்கலாமா?

துணியில் தொட்டு ஒருமுறை துடையுங்கள், போதும். ஊறவைத்த கட்டை கனக்கும். தகடு அமரும் இடத்தில் எண்ணெய் கசிந்தால் ஆப்பும் வழுக்கும்.